வெள்ளணு தூக்கிவரும் தாம்பூலப் பை

“அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கிறார்கள். சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறொரு ரத்தப் பரிசோதனையைத்தான் திரும்பத் திரும்ப எழுதித் தருகிறார். ஏன்?” என்று கேட்கிறார் ஒரு வாசகி.

டாக்டர் செய்தது சரிதான். சிஎம்வி என்ற சைட்டோமெகலோ வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்து ஆசாமி. நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. ஐஜிஜி என்பது அதற்கு எதிராக உடம்பே தயாரிக்கும் ஆன்டிபாடி. அது சொல்வது, வைரஸ் என்றைக்கோ வந்து தங்கிவிட்டது என்பதை மட்டும். மாற்றிய உறுப்புக்காக எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கியிருக்கும்போது அது விழித்துக்கொண்டதா என்பதல்லவா கேள்வி? அதற்கு வைரஸின் சரக்கையே ரத்தத்தில் தேட வேண்டும். தேடித் தருவதும் ஒரு ஆன்டிபாடிதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது. பிபி65 என்ற வைரஸ் புரதத்தைப் பிடிப்பது.

அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் வித்தையை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டார்கள்; 1984இல் நோபல் வாங்கினார்கள். அதை வைத்து இந்தச் சோதனையை 1988இல் வெளியிட்டது நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு. வரலாறு இவ்வளவு போதும். ஒன்றை மட்டும் விட மனமில்லை. வைரஸ் நுழைந்ததும் முதலில் உருவாகும் வேறொரு புரதத்தைப் பிடிப்பதாகத்தான் அவர்கள் நினைத்தார்கள். பிடிபட்டது பிபி65 என்று பிறகுதான் தெளிவானது. சோதனை சரி, லேபிள் தப்பு! ‘நூறு சதவீதத் துல்லியம்’ என்று மார்தட்டும் கிட் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பிபி65 அகப்படும் இடம்தான் அழகு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் உட்கருவில் அது இருக்கும். ஆனால் அந்த அணுவில் வைரஸால் முழுதாகப் பெருக முடியாது. பெருகும் இடங்களில் ஒன்று ரத்தக்குழாயின் உட்சுவர். இரண்டு வகைச் செல்களையும் சேர்த்து வளர்த்துப் பார்த்ததில், அவற்றின் சவ்வுகள் கணநேரம் ஒன்றாகிப் பிரிவது தெரிந்தது. அதற்குள் சரக்கு கைமாறிவிடுகிறது. உட்கருவுக்குப் போகும் முகவரி பிபி65இலேயே எழுதியிருப்பதால், நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கல்யாணம் நடப்பது மண்டபத்தில்; தெருவில் போகிறவர் கையில் தாம்பூலப் பை. பைகளை எண்ணினால் கல்யாணம் எவ்வளவு பெரிது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். எண்ணுவதை அன்றைக்கே முடிக்க வேண்டும்: எடுத்த ரத்தம் கிடக்கக் கிடக்க நியூட்ரோஃபில்கள் அழிந்துபோகும். ஊரில் ஆளே குறைவென்றால், அதாவது வெள்ளணு சரிந்த நோயாளியென்றால், கல்யாணம் தடபுடலாக நடந்தாலும் தெருவில் பை தென்படாது. மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் எண்ணிக்கை கூடுவதும் உண்டு. பந்தி முடிந்த பிறகுதானே பைகள் தெருவுக்கு வரும்?

ஆய்வுக்கூடத்தில் வெள்ளணுக்களைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து, பிபி65ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியையும் ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொன்றையும் ஊற்றுவார்கள். இருட்டறை மைக்ராஸ்கோப்பில், மூன்று நான்கு மடலாகப் பிரிந்த உட்கரு ஆப்பிள் பச்சையில் மின்னும். இரண்டு லட்சம் செல்லுக்கு எத்தனை என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணுவார். கண்ணும் கழுத்தும் வலிக்கிற வேலை. பெரும்பாலான இடங்களில், வைரஸின் டிஎன்ஏவை அளக்கும் பிசிஆர் சோதனை இதை ஓரங்கட்டியதில் வியப்பில்லை.

வாசகிக்கு ஒரு வார்த்தை: அப்பாவின் சோதனையை எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். பச்சைச் செல்லின் எண்ணிக்கையைப் பிசிஆர் எண்ணோடு ஒப்பிட முடியாது. ஒரு தடவை வந்த எண்ணைவிட, அது வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார்.