அன்றாட நடை பயிற்சியாகுமா?

"நாள் முழுவதும் நடந்துகொண்டுதானே இருக்கிறோம், இதற்கு மேல் தனியே ஒரு நடை எதற்கு?" என்னும் கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. சர்க்கரை நோய் கண்டவரை மருத்துவர் "நாள்தோறும் அரை மணி நேரம் நடந்து வாருங்கள்" என்று பணிக்கிறார். கேட்டவர் வியப்படைகிறார். தண்ணீர் பிடிக்க நடை, கடைக்கு நடை, பேருந்துக்கு நடை, மாந்தோப்பில் மரத்துக்கு மரம் நடை. இவையெல்லாம் நடையில்லையா என்பது அவர் எண்ணம். அதே வீட்டில், மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு, "இன்று 8,000 காலடி ஆயிற்று, பயிற்சி முடிந்தது" என்று இளைஞர் நாற்காலியில் சாய்கிறார். இவர்களுள் யார் கூற்று சரி என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

முதலமடையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்கு வாதமன்று. முன் தலைமுறையினர் தோப்புக்கும் சந்தைக்கும் கால்களையே நம்பிச் சென்றனர். இன்று வாசல்தோறும் இருசக்கர வண்டி நிற்கின்றது. சோறு குறையவில்லை, நடை குறைந்தது. நோய் வந்த பின் கணக்குப் பார்ப்பதினும் முன்னரே பார்ப்பது நன்று.

பத்தாயிரம் என்னும் எண்

முதலில், எல்லோர் வாயிலும் வழங்கும் பத்தாயிரம் காலடி என்னும் கணக்கின் பிறப்பைக் காண்போம். 1964-ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. அதனையடுத்து ஜப்பானியரிடையே உடல்நலத்தில் ஆர்வம் பெருகிற்று. 1965-இல் யமசா என்னும் நிறுவனம் காலடிகளை எண்ணும் சிறு கருவி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு இட்ட பெயர் "மன்போ-கே"; பத்தாயிரம் காலடிக் கருவி என்பது அதன் பொருள். நினைவில் நிற்கும் அழகிய எண் அது. ஆனால், அந்த எண்ணை எட்டினால்தான் நலம், எட்டாவிடில் பயனில்லை என்று எந்த ஆராய்ச்சியும் முடிவு கூறியதன்று.

2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,741 பெண்மணிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 காலடி வைத்தவர்களைவிட 4,400 காலடி வைத்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாயிருந்தது. ஏறத்தாழ 7,500-க்கு மேல் நன்மை மிகுதியாக ஏறவில்லை. அக்காலடிகள் பூங்காவில் வைத்தவையா, வீட்டுக்குள் வைத்தவையா என்று கருவி பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே, பத்தாயிரம் எட்டவில்லையே என்று மூதாட்டியர் மனம் சோர வேண்டுவதில்லை.

ஓட்டுநரும் நடத்துநரும்

அன்றாட வேலையில் நடக்கும் நடைக்கு மதிப்புண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியவர் ஆங்கில மருத்துவ அறிஞர் ஜெரி மாரிஸ். அவர் இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்டார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநர் சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர். இருவருக்கும் ஊர் ஒன்று, நிறுவனம் ஒன்று. 1953-இல் வெளியான முடிவின்படி, நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. வந்தபோதும் கடுமை குறைந்திருந்தது. அஞ்சல் துறையிலும் கடிதம் சுமந்து நடந்தவர்கள், மேசையிலிருந்த எழுத்தர்களைவிட நலமாயிருந்தனர்.

உடல் பருத்தவர்களே ஓட்டுநர் வேலைக்குச் சென்றிருக்கலாமே என்று ஐயுறுவோர் உண்டு. மாரிஸும் அவ்வாறே ஐயுற்று, ஊழியர்களுக்குத் தைத்த சீருடைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்தார். ஓட்டுநர்கள் தொடக்கத்திலேயே சற்றுப் பருத்தவர்கள் என்பது 1956-இல் தெரியவந்தது. எனவே வேறுபாடு முழுவதும் படிக்கட்டால் வந்ததென்று கூற இயலாது. ஆயினும் உழைக்கும் கால் இதயத்தைக் காக்கும் என்னும் கருத்தைப் பின்வந்த பல ஆய்வுகள் வலியுறுத்தின.

நம் இருப்புப்பாதையிலும் இவ்விரு வகையினரையும் காணலாம். பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதையில் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, தளர்ந்த பிடிப்புகளை முடுக்கி வரும் கீமேன் ஒரு வகை. சீட்டு மேசைக்குப் பின்னே எட்டு மணி நேரம் அமரும் எம் போன்ற எழுத்தர் மற்றொரு வகை. கீமேனிடம் போய், "நீர் பயிற்சி செய்வதில்லை" என்று சொல்வது அறியாமையாகும். எம்மிடம் "நீர் நடையாளர்" என்று சொல்வதும் அத்தகையதே.

சென்னையில் செய்த கணக்கு

இதற்கெல்லாம் மேலாக, நம் தமிழ் மக்களிடையே நடந்த ஓர் ஆராய்ச்சி இக்கேள்விக்கு நேராக விடையளிக்கின்றது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும், சர்க்கரை நோயின் வாயிற்படியில் நின்ற 531 பேரைத் தேர்ந்து ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு உணவைச் சீர்செய்யவும் உடலை இயக்கவும் இடைவிடாது அறிவுரை தரப்பட்டது. உட்கார்ந்தே வேலை செய்தவர்களை நாளுக்கு அரை மணி நேரமேனும் விரைந்து நடக்கச் சொன்னார்கள். ஆனால், ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களையும், வேலையின் பொருட்டு அரை மணிக்கு மேல் நடப்பவர்கள் அல்லது மிதிவண்டி மிதிப்பவர்களையும், "உங்கள் வழக்கத்தையே விடாது தொடருங்கள்" என்றார்கள். அஃதாவது, அன்றாட நடையை அவர்கள் பயிற்சியாகவே வரவு வைத்தார்கள்.

முடிவு என்ன? மூன்று ஆண்டுகளில் தனி அறிவுரை பெறாதவர்களுள் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளராயினர். உணவும் நடையும் ஒழுங்குசெய்த குழுவில் அது 39-ஆகக் குறைந்தது. மருந்து மட்டும் உட்கொண்ட குழுவும் ஏறத்தாழ அதே பயனையே பெற்றது. கால்நடைக்கும் அளவான சோற்றுக்கும் மாத்திரைக்கு நிகரான ஆற்றல் உண்டென்பதை இதனால் அறியலாம்.

எல்லா நடையும் ஒன்றா?

அப்படியாயின் வீட்டுக்குள் உலவும் உலாவும் போதுமன்றோ எனலாம். இங்குதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மாரிஸ் பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசு அலுவலர் 9,376 பேரை ஆராய்ந்து 1990-இல் மற்றொரு முடிவை வெளியிட்டார். அவர்கள் எம்போல் மேசையில் அமர்ந்தவர்களே. வலிய விளையாட்டுகளில் அடிக்கடி ஈடுபட்டவர்கள், மிதிவண்டி மிகுதியாக மிதித்தவர்கள், மணிக்கு 6.4 கிலோமீட்டருக்கு மேல் விரைந்து நடப்பதையே வழக்கமாகக் கொண்டவர்கள் ஆகியோருக்கு இதய நோய் மற்றவர்களில் பாதிக்கும் குறைவாக இருந்தது. மெல்ல நடந்தவர்களிடம் அவ்வளவு பயன் காணப்படவில்லை. ஆகவே, எங்கே நடக்கிறோம், எதற்காக நடக்கிறோம் என்பதைவிட எவ்வாறு நடக்கிறோம் என்பதே முதன்மையானது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறியும் இதற்கு இசைந்ததே. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது அது. வேலை, பயணம், வீட்டுக் காரியம், ஓய்வுப் பொழுது ஆகிய எதில் நிகழ்ந்தாலும் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். தொடர்ந்து பத்து நிமிடமேனும் செய்தால்தான் கணக்கில் வரும் என்று முன்னர் இருந்த கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டது. ஆனால் "மிதமான" என்னும் சொல்லை விட்டுவிடலாகாது. மூச்சு சற்று மிக வேண்டும். உடல் வெதுவெதுப்பாக வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாதிருக்க வேண்டும். இதுவே எளிய அளவுகோல். நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு காலடி என்பதும் ஒத்த கணக்காகும்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் பல வாதங்கள் தாமே தீரும். அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையே நான்கு காலடி வைத்து நிற்பது மூச்சைக் கூட்டாது. ஆனால் குடம் சுமந்து வருவதும், துணி துவைத்துப் பிழிவதும் கூட்டும். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டு வேலை பார்க்கும் பெண்மணியின் உழைப்பைக் கருவி அறியாது. கையை வீசிப் பேசிக்கொண்டு அமர்ந்திருப்பவரின் கடிகாரமோ நடவாத நடையையும் எண்ணக்கூடும். கருவியின் எண்ணைவிட நெஞ்சின் மூச்சே நம்பத்தக்க சாட்சி.

மற்றொன்றும் கூற வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டில் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் ஆய்வு நடத்தி 2014-இல் முடிவை வெளியிட்டது. ஓய்வுப் பொழுதில் பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. வேலை, பயணம், ஓய்வு மூன்றின் இயக்கத்தையும் கூட்டிப் பார்த்தபோதும் நூற்றுக்கு 54 பேர் போதிய இயக்கமின்றி இருந்தனர். "நாள் முழுதும் நடக்கிறோம்" என்னும் எண்ணம் நம்முட் பலருக்கு வெறும் எண்ணமே என்பது இதனால் விளங்கும்.

தோப்பில் உழைப்போர்

மாம்பருவத்தில் காய் பறித்தும் கூடை சுமந்தும் தரம் பிரித்தும் விடியல் முதல் உழைப்பவர்களுக்கு மாலையில் மீண்டும் நடை என்பது முறையன்று. அவர்கள் கணக்கு ஏற்கெனவே நிரம்பியது. அதிலும், தம் விருப்பப்படி ஓய்வெடுக்க இயலாத நீண்ட வேலை, ஓய்வுநேரப் பயிற்சியைப்போல் இதயத்தைக் காப்பதில்லை என்று டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டி வருகின்றனர். இவர்களுக்கு வேண்டுவன நிழல், நீர், உறக்கம், நேரத்துக்கு உணவு ஆகியவையே. உழைப்பவர்க்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவரிடம் உணவையும் மருந்தையும் பற்றிக் கேட்க வேண்டுமேயன்றி, சோம்பல் என்று பழிக்கலாகாது.

கணக்கு எழுதும் முறை

கணக்கேட்டில் தொடக்க இருப்பு என்றொரு வரி உண்டு. பல ஆண்டுகளாக நடந்துவரும் நடை தொடக்க இருப்பு. மொத்தக் கணக்கில் அது சேரும். அதனைப் புதிய வரவாக எழுதலாகாது. அந்நடை இருக்கும்போதே இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பின், மேலும் வரவு வேண்டும் என்பதே பொருள். பழைய இருப்பைப் புது வரவென்று காட்டும் எழுத்தரை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார், உடலும் ஏற்காது.

புதிய வரவுக்குத் தனி உடையோ மைதானமோ வேண்டுவதில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள காரியத்துக்கு வண்டியை எடுக்காதீர்கள்; பன்னிரண்டு நிமிடத்தில் நடந்து சேருங்கள். போகவர இருபத்துநான்கு நிமிடம் ஆயிற்று. கொல்லங்கோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் சென்று திரும்புவோர் ஒரு நிறுத்தம் முன்னரே இறங்கி விரைந்து நடக்கலாம். ஆலமரங்கள் நிழல் செய்யும் நம் இரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்போர், அமர்வதை விடுத்து மேடையின் நீளத்தை அளக்கலாம். வாரத்தில் இருநாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நடை மட்டும் அக்குறையை நிரப்பாது.

பாலக்காட்டு வெயில் 40 பாகையைத் தாண்டும் நாள்களும் உண்டாதலின், கோடையில் விடியலிலோ பொழுது சாய்ந்த பின்னரோ நடப்பது நலம். சாலையில் எதிர்வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்புறம் செல்லுங்கள். சர்க்கரை நோயாளர் பொருந்திய செருப்பணிந்து நடந்து, திரும்பியதும் பாதங்களில் புண் உண்டா என்று பார்த்தல் இன்றியமையாதது. மாத்திரையோ ஊசியோ கொள்பவர் சிறிது இனிப்பு உடன் வைத்திருத்தல் வேண்டும். நெஞ்சுவலியோ மிகுந்த மூச்சுத் திணறலோ உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

ஆகவே, அன்றாட நடை பயிற்சியாகுமா என்றால், மூச்சைக் கூட்டுமாயின் ஆகும். மாமியார் குடம் சுமந்த நடையும் கணக்கில் வரட்டும். மருமகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உலாவிய நடை வேண்டா. இவ்வாரம் ஏழு நாளும், மூச்சு மிக நடந்த நிமிடங்களை மட்டும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். ஞாயிறன்று கூட்டிப் பாருங்கள். 150 வந்தால் மகிழ்க. வராவிடின் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவே இனி நடக்க வேண்டிய வழி.