மீன் தொட்டியில் கிரேபிஷ் வளர்க்கலாம். ஏரியில் மட்டும் விடலாகாது

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில் இருக்கிறது வடமாலபேட்டை. விடுமுறைக்குச் சென்னை போய்த் திரும்பும் தமிழ்க் குடும்பங்களில் குழந்தைகளின் கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் பை ஒன்று இருப்பதுண்டு. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூரில் வாங்கிய மீன்கள் அதில் நீந்திக் கொண்டிருக்கும். இப்போது சில பைகளில் மீனோடு வேறொரு பிராணியும் ஊர் வந்து சேருகிறது. பார்ப்பதற்குச் சிறிய சிங்கி இறால் போல, முன்னால் இரண்டு கொடுக்குகளுடன், சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். அதன் பெயர் கிரேபிஷ்.

பெயரில் 'பிஷ்' இருந்தாலும் இது மீன் அல்ல. நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. நன்னீரில் வாழ்வது. உலகில் 600-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர் ஆகிய இடங்களில் இயற்கையாகவே வாழ்கின்றன. ஆனால் இந்தியாவின் ஆறு, ஏரிகளில் இயற்கையாக ஒரு வகை கூடக் கிடையாது. வளர்ப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

தனிக் குடித்தனம்

இரண்டு அடி நீளமுள்ள தொட்டியில் ஒரு கிரேபிஷ் போதும். இரண்டை விட்டால் சண்டை நிச்சயம். கொடுக்கோ காலோ போகும், சில வேளை உயிரே போகும். உடைந்த மண்சட்டி, தேங்காய்ச் சிரட்டை, குழாய்த் துண்டு என்று ஏதேனும் ஒன்றைப் போட்டு வைத்தால் அதையே வீடாக்கிக் கொள்ளும். தொட்டிக்குக் கனமான மூடி அவசியம். காற்றுக் குழாயைப் பிடித்தே மேலேறி வெளியே வந்துவிடும். காலையில் அலுவலகம் கிளம்பும் நேரத்தில் கட்டிலுக்கடியில் தேடும் நிலை வரக்கூடாது.

எந்த மீன், எந்தச் செடி?

பகலில் சாது போல ஒளிந்திருந்து, இரவில் உலாவும் பிராணி இது. அடியில் படுத்து உறங்கும் மீன்களும், மெதுவாக நீந்தும் தங்க மீன், நீண்ட துடுப்புள்ள பைட்டர் போன்றவையும் அதன் பிடியில் எளிதாகச் சிக்கும். மேல் தண்ணீரில் விரைந்து நீந்தும் ஜீப்ரா டேனியோ போன்ற மீன்கள் ஓரளவு தப்பும். 'ஓரளவு' என்பதை மறக்கக்கூடாது. மாலையில் வயிறு நிறைய உணவு போட்டால் தொல்லை குறையும். வேகவைத்த பட்டாணி, கீரை, உலர்ந்த வாதாம் இலை, அடியில் தங்கும் குருணை உணவு எல்லாம் அதற்கு ஏற்றவை.

மென்மையான தண்டுள்ள செடிகளை அது வெட்டித் தின்றுவிடும். கெட்டியான இலையுள்ள ஜாவா பெரணி, அனுபியாஸ் ஆகியவற்றை மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டி வைத்தால் பெரும்பாலும் பிழைக்கும். செடியும் மீனும் அழகாக இருக்க வேண்டும், கிரேபிஷும் வேண்டும் என்பவர்களுக்கு மெக்சிகோவைச் சேர்ந்த குள்ள வகை பொருத்தமானது. ஆரஞ்சு நிறத்தில் சுமார் ஒன்றரை அங்குலமே வளரும், சேதமும் குறைவு.

சட்டை உரிக்கும் நாள்

ஒரு நாள் தொட்டிக்குள் கிரேபிஷ் செத்துக் கிடப்பது போலத் தோன்றும். எடுத்துப் பார்த்தால் வெறும் கூடு! வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் போடுவது அதன் இயல்பு. அந்த ஓட்டை அகற்றக்கூடாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக அதையே அது தின்னும். புது ஓடு கெட்டிப்படும் வரை சில நாட்கள் உடல் மெத்தென்றிருக்கும். அந்நாட்களில் பெரிய மீன்களே அதைக் கொத்தித் தின்னும். ஒளிவிடம் உயிர் காப்பது அப்போதுதான். உப்புத் தன்மை இல்லாத, சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீர் கிடைத்தால் ஓடு உறுதிப்பட உதவும்.

மீனுக்குப் புள்ளி நோய் வந்தால் கண்டபடி மருந்து ஊற்றலாகாது. தாமிரம் கலந்த மருந்து கிரேபிஷுக்கு விஷம். சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கோடையில் தண்ணீர் சூடேறும்போது அதில் பிராணவாயு குறையும். மின்சாரம் நின்று காற்று மோட்டாரும் ஓயும் நேரத்துக்காக, தண்ணீருக்கு மேல் தலைகாட்டும் கல் ஒன்றை வைப்பது நல்லது. உடல் ஈரமாக இருக்கும்வரை அதில் ஏறிச் சுவாசிக்கும்.

ஏரியில் விட்டால்?

மீன்கள் குறைகின்றன, செடிகள் அழிகின்றன என்று சலித்துப்போன வீட்டார், 'பாவம், கொல்வானேன்; ஏரியில் விட்டுவிடலாம்' என்று நினைப்பதுண்டு. இரக்கத்தில் செய்யும் இந்தக் காரியம்தான் பெரும் கேடு.

ஜப்பானுக்கு 1927-ல் தவளைகளுக்கு இரையாகச் சில சிவப்புக் கிரேபிஷ்களே கொண்டுவரப்பட்டன. நாடெங்கும் பரவிவிட்ட அவற்றை விற்கவும் வெளியே விடவும் 2023-ல் அங்கு தடை வந்தது. ஸ்பெயினில் 1970-களில் விடப்பட்டவை நெல் வயல்களின் வரப்புகளையும் வாய்க்கால் கரைகளையும் வளை தோண்டிப் பாழாக்கின. கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970-ல் விடப்பட்ட பின்னர் நீர்த்தாவரங்கள் அழிந்தன. பளிங்குக் கிரேபிஷ் என்ற வகையோ ஆண் துணையே இல்லாமல் குஞ்சு பொரிப்பது. 1990-களில் ஜெர்மனியின் மீன் தொட்டிகளில் முதலில் கண்டறியப்பட்ட அது, பிற்பாடு மடகாஸ்கரின் வயல்களில் பரவியது. அதில் ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும்.

திருப்பதி வட்டாரத்தின் உயிர்நாடி ஏரிகளும் ஸ்வர்ணமுகி ஆறும்தான். விஜயநகர காலத்து இராயலசெருவு ஏரியின் கரையில் 2021 நவம்பர் பெருமழையில் கசிவு கண்டபோது, கீழேயுள்ள கிராமத்தார் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அதற்கும் கிரேபிஷுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மண் கரையை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அந்த நாட்கள் காட்டின. அத்தகைய கரைகளுக்கருகே வளை தோண்டும் அந்நியப் பிராணி ஒன்றை விடுவது எந்த ஊருக்கும் நல்லதல்ல. தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் பல நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து வருவதும் தெரிந்த கதைதான்.

வேண்டாம் என்றானால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்க விரும்பும் நண்பருக்குத் தரலாம். செத்தால் மண்ணில் புதைத்துவிட வேண்டும். தொட்டித் தண்ணீரைக் கால்வாயில் கொட்டாமல் வீட்டுச் செடிகளுக்கு ஊற்றினால், குஞ்சுகள் தப்பிப் போக வழியிராது, செடிக்கும் உரம்.

பையைக் கையில் வாங்கும் முன்பே, கடைசிவரை இதை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று வீட்டில் ஒரு வார்த்தை கலந்து பேசிவிடுவது உத்தமம்.