மால்வா மண்ணும் பிராம்ப்டன் தாளமும்: சித்து மூஸேவாலா

பஞ்சாபின் தென்பகுதியில், ஹரியாணா எல்லையை ஒட்டி இருக்கிறது மான்ஸா மாவட்டம். பருத்தி விளையும் பூமி. கடன் தாளாமல் உயிரைவிடும் விவசாயிகள் பற்றிய செய்திகளில்தான் அதன் பெயர் அதிகம் அடிபடும். அங்குள்ள மூஸா கிராமத்தில் 1993 ஜூன் 11 அன்று பிறந்த சுப்தீப் சிங் சித்து, ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு சித்து மூஸேவாலா ஆனார். 28 வயதில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது பஞ்சாபி ஹிப்-ஹாப்பில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை.

லூதியானாவில் உள்ள குரு நானக் தேவ் பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் முடித்து, 2016-ல் கனடா போனார். பஞ்சாபிக் கிராமத்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் போன பாதைதான் அது. அவரைப் பாட்டுலகில் சேர்த்தது முதலில் குரல் அல்ல, பேனா. நிஞ்சா என்ற பாடகருக்கு ‘லைசென்ஸ்’ பாடலை எழுதிக் கொடுத்தார். தானே பாடத் தொடங்கியபின், 2017-ல் வந்த ‘சோ ஹை’ அவரைப் பஞ்சாபெங்கும் கொண்டுசேர்த்தது. அதற்கு இசையமைத்தவர் பிக் பேர்ட். டொராண்டோவை அடுத்த பிராம்ப்டன் நகரில் பஞ்சாபிகள் பெருமளவில் வாழ்கிறார்கள். பிக் பேர்ட், ராப் பாடகர் சன்னி மால்டன் இருவரும் அந்த வட்டாரத்தின் இசையில் ஊறியவர்கள்.

பஞ்சாபி ராப் மூஸேவாலாவோடு தொடங்கியதல்ல. கராச்சியில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த பொஹீமியா 2000-களின் தொடக்கத்திலேயே அதற்கு வழி போட்டுவிட்டார். பிறகு ஹனி சிங் அதைக் கல்யாண வீட்டு நடன மேடைவரை கொண்டுபோனார். மூஸேவாலா செய்தது வேறு. மான்ஸாவை உள்ளடக்கிய மால்வா பகுதியில் ‘கலி’ என்றொரு கதைப்பாட்டு மரபு உண்டு. உச்சஸ்தாயியில் குரலை இழுத்து, வீரர்களின் கதையைப் பாடுவார்கள்; குல்தீப் மானக் அதில் பேர்பெற்றவர். அந்த இழுவையை மூஸேவாலா அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ் தாளத்தின் மேல் ஏற்றினார். நகரத்துக்காக மொழியை மெருகேற்றவும் இல்லை. பேச்சு மால்வாக் கிராமத்துப் பேச்சாகவே இருந்தது. டிராக்டர், வயல், பகை, நட்பு, துப்பாக்கி, ஜாட் சாதிப் பெருமிதம் எல்லாம் பாட்டில் வந்தன. இந்தப் பெருமிதம்தான் ரசிகர்களை ஈர்த்தது. விமர்சகர்களுக்கு எரிச்சலூட்டியதும் அதுவே.

2018-ல் வந்த ‘பிபிஎக்ஸ் 1’ ஆல்பம் கனடாவின் பில்போர்டு பட்டியலில் 66-வது இடத்தைத் தொட்டது. அதே ஆண்டு இறுதியில் அவருடைய தாய் சரண் கௌர் மூஸாவின் ஊராட்சித் தலைவரானார். மகன் கனடாவிலேயே தங்கிவிடவில்லை; ஊருக்குத் திரும்பி அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். 2020-ல் தொடங்கிய சொந்த நிறுவனத்துக்கு வைத்த பெயர் ‘5911’. அது அவருக்குப் பிடித்த எச்.எம்.டி டிராக்டரின் மாடல் எண்.

2021 மே முதல் ஜூலை வரை ‘மூஸ்டேப்’ ஆல்பத்தின் பாடல்களைச் சில நாட்களுக்கு ஒன்றாக வெளியிட்டார். பொஹீமியா, மும்பையின் டிவைன், லண்டனின் ஸ்டெஃப்லான் டான், டயன் வெய்ன் எனப் பல ஊர் ராப் பாடகர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர் பாடியவற்றில் நிலைத்து நிற்கப்போவது அந்த ஆல்பத்தின் ‘295’தான் என்று சொல்லலாம். மத உணர்வைப் புண்படுத்தியதாக அப்போது வழக்குப் போடப் பயன்பட்ட சட்டப்பிரிவின் எண்ணே தலைப்பு. அதிலே துப்பாக்கி இல்லை, மிரட்டல் இல்லை. உண்மை பேசுபவனுக்கு என்ன கிடைக்கும் என்ற கசப்பு மட்டுமே இருக்கிறது.

வழக்குகள் அவருக்குப் புதிதல்ல. 2020 ஊரடங்கின்போது போலீசார் சிலர் உடனிருக்க அவர் ஏ.கே-47 சுட்டுப் பழகும் காட்சி பரவியது; ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதையும் விடாமல் ‘சஞ்சு’ என்று பாட்டாக்கினார், ஆயுத வழக்கில் சிறை சென்ற நடிகர் சஞ்சய் தத்தை நினைவூட்டி. சீக்கிய வீராங்கனை மாயி பாகோவின் பெயரைப் பொருத்தமில்லாத இடத்தில் பயன்படுத்தியதற்காக மன்னிப்பும் கேட்க நேர்ந்தது. பாட்டில் வரும் துப்பாக்கி வெறும் வேஷம் என்று வாதிடுவோர் உண்டு. ரவுடிக் கும்பல்கள் பாடகர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் மாநிலத்தில் அந்த வாதம் முழுதாக எடுபடாது.

2021 டிசம்பரில் காங்கிரஸில் சேர்ந்து, அடுத்த ஆண்டு மான்ஸா தொகுதியில் நின்றார். ஆம் ஆத்மியின் விஜய் சிங்லாவிடம் 63,323 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். கூட்டம் கூடுவதும் ஓட்டு விழுவதும் வேறு வேறு என்பது அந்தத் தேர்தலில் தெரிந்தது.

2022 மே 28 அன்று பஞ்சாப் அரசு 424 பேருக்கான போலீஸ் பாதுகாப்பைக் குறைத்தது அல்லது விலக்கியது. மூஸேவாலாவின் காவலர் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டானது. மறுநாள் மாலை அந்த இருவரையும் குண்டு துளைக்காத காரையும் விட்டுவிட்டு, வேறு இருவருடன் தார் ஜீப்பைத் தானே ஓட்டிச் சென்றார். ஜவஹர்கே கிராமத்தில் கார்களில் வந்தவர்கள் வழிமறித்துச் சுட்டார்கள். கனடாவில் இருந்த கோல்டி பிரார் கொலைக்குப் பொறுப்பேற்றார். லாரன்ஸ் பிஷ்னோய் கும்பலைச் சேர்ந்தவர் அவர். 2021-ல் விக்கி மிட்டுகேரா என்ற இளைஞர் தலைவர் கொல்லப்பட்டதற்குப் பழி என்பது அந்தக் கும்பல் சொன்ன காரணம். 31-ம் தேதி மூஸேவாலாவின் உடல் அவருடைய 5911 டிராக்டரிலேயே ஊர்வலமாகப் போய், குடும்ப நிலத்தில் தகனம் செய்யப்பட்டது.

பாடல்கள் அதோடு நிற்கவில்லை. 2022 ஜூன் 23 அன்று வெளியான ‘எஸ்.ஒய்.எல்’, சட்லஜ்–யமுனை இணைப்புக் கால்வாய்ப் பிரச்சினையையும் சிறையிலிருக்கும் சீக்கியர்களின் விடுதலையையும் பேசியது. கால்வாய்ப் பொறியாளர்களை 1990-ல் கொன்ற வழக்கில் பெயர் அடிபட்ட ஆயுதக் குழுவைச் சேர்ந்த ஒருவரையும் அது புகழ்ந்தது. மூன்றே நாளில், அரசின் புகாரின் பேரில் இந்தியாவில் யூடியூப் அதை நீக்கியது. 2023-ல் நைஜீரியப் பாடகர் பர்னா பாய் இணைந்த ‘மேரா நா’ வந்தது. பெற்றோர் கையில் பதிவுகள் இன்னும் இருக்கின்றன. 2025 ஜூன் 11 அன்று, அவர் பிறந்த நாளில், மூன்று பாடல்கள் கொண்ட ‘மூஸ் பிரிண்ட்’ வெளியானது.