முயலைத் தொடுமுன் நூலகத்துக்குப் போ!

தர்மபுரி மாவட்டத்து இண்டூர்ப் பக்கம் ஒருவர் கிணறு வெட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்வார்? அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம், "எத்தனை அடியில் தண்ணீர் வந்தது? எங்கே பாறை மறித்தது?" என்று விசாரிப்பார். விசாரிக்காமல் வெட்டினால் பணமும் பாழ், உழைப்பும் பாழ்.

விஞ்ஞானிக்கும் இதே விதிதான். அவர் கத்தி வைக்கப்போவது உயிருள்ள பிராணியின் உடலில் என்றால், விசாரிக்கும் கடமை இன்னும் பெரிது. அவருக்கு வழி சொல்பவை, முன்னோர் எழுதிவைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகள்.

காலராவின் கதையைப் பாருங்கள். 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் ஊகித்தார். ஆனால் சோதனைப் பிராணிகளுக்கு மனிதரைப் போல எளிதில் காலரா வருவதில்லை. பிறகு எப்படி ஆராய்வது?

1953-ல் அதே கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே, சக ஆராய்ச்சியாளர் ஒருவருடன் ஓர் உபாயம் செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீர் நிறைந்து உப்பியிருந்தது! 1959-ல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தைச் செலுத்தினார். அப்போதும் நீர் சுரந்தது. கிருமி வெளியிடும் நஞ்சே இதற்குக் காரணம் என்பது நிரூபணமாயிற்று.

இதில் ஒரு வியப்பு உண்டு. முயலின் குடலைக் கட்டிப் பார்க்கும் முறையை வியோல், கிரெண்டிரோபுலோ என்ற இருவர் முன்பே கையாண்டு, 1915-ல் பிரெஞ்சு மொழியில் ஒரு குறிப்பாக வெளியிட்டிருந்தார்கள். அது டே பிறந்த ஆண்டு! அந்தக் குறிப்பு மறக்கப்பட்டது. 38 ஆண்டுகள் கழித்து டே அதே வழியைத் தாமாகவே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அக்காலத்தில் பழைய குறிப்பைத் தேட, அலமாரி அலமாரியாகப் புரட்ட வேண்டும்.

இன்று அந்தச் சாக்குச் சொல்ல முடியாது. 'பப்மெட்' என்ற இணையப் பட்டியலில் மட்டும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மருத்துவ, உயிரியல் கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. ஆனால் ஒரே சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவது தேடல் ஆகாது. மருந்தின் பழைய பெயர், பிறமொழிக் கட்டுரைகள், தோல்வியுற்ற சோதனைகள் ஆகிய எல்லாவற்றையும் துழாவ வேண்டும். பிராணியே இல்லாமல், கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களைக் கொண்டு விடை காண முடியுமா? முடியாவிட்டால் எத்தனை பிராணிகள் போதும்? வலியைக் குறைப்பது எப்படி? இவற்றுக்கும் அங்கே விடை கிடைக்கலாம்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் ஆகியவையே கற்பிக்கப் போதுமானால், பிராணிச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். பிராணிகளைப் பயன்படுத்த அனுமதி கோரும் ஆராய்ச்சியாளர், "இது முன்பு செய்த சோதனையா? ஆமெனில் மறுபடியும் ஏன்?" என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் பதில் எழுத வேண்டும். திரும்பச் செய்து சரிபார்ப்பதும் விஞ்ஞானமே. ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும். தெரியாமல் செய்தால் ஓர் உயிர் வீணாகிறது.

மாணவ நண்பர்களே! உங்கள் அறிவியல் மன்றத்தில் மண்புழுவையோ மீனையோ வைத்துச் சோதனை செய்ய ஆசையா? முதல் நாள் ஒரு நோட்டும் பென்சிலுமாக நூலகத்துக்குப் போங்கள். உங்கள் கேள்விக்கு யாராவது முன்பே விடை எழுதிவைத்திருக்கக்கூடும். அப்படியிருந்தால், அந்த மீன் அன்று தொட்டியிலேயே நீந்திக்கொண்டிருக்கும்!