கரணையோடு வரும் தேமல்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து கல்வராயன் மலைப் பக்கம் போகும்போது மரவள்ளிக் கொல்லை கண்ணில் பட்டால், கொஞ்சம் நின்று இலையைப் பாருங்கள். பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து, இலை கோணிச் சிறுத்திருந்தால் அது தேமல் நோய். சத்துக் குறைவு என்று எண்ணி உரம் போட்டால் பணம்தான் வீண். காரணம் ஒரு வைரஸ். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இருப்பது ஸ்ரீலங்கா மரவள்ளித் தேமல் வைரஸ்.

இரண்டு பருப்புள்ள மல்லாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸின் ஓடும் அப்படித்தான், இடுப்புச் சிறுத்த இரட்டை ஓடு. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு அடுக்க முப்பதாயிரத்துக்கு மேல் வேண்டும். ஓட்டுக்குள் ஒரு டிஎன்ஏ வளையம். வளையத்திலும் இரண்டு வகை: ஒன்று வைரஸைப் பெருக்கும், மற்றது செல் விட்டுச் செல் கடத்தும். இரண்டும் செடிக்குள் சேர்ந்தால்தான் நோய் முழுதாக விளையும்.

வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது இதைப் பரப்புகிறது. எல்லாரும் அதைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் ஈயைவிட அதிக தூரம் இதைக் கொண்டுபோவது நம் கைதான். ஆர்க்கிட் செடிகளைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ், வெட்டுக் கத்தியில் ஒட்டிய சாற்றிலேயே அடுத்த செடிக்குத் தாவிவிடும். மரவள்ளியில் கத்தி வேண்டாம். நடுகிற கரணைக்குள்ளேயே வைரஸ் இருக்கிறது. 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரியில் தென்பட்ட இதே வைரஸ், சில ஆண்டுகளிலேயே வியட்நாம், தாய்லாந்து கொல்லைகளுக்கும் போய்விட்டது. நோயுற்ற குச்சிகள் கைமாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நோய் எந்த வழியில் வந்தது என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும். துளிர்த்த முதல் இலையிலேயே தேமல் இருந்தால் கரணையோடு வந்தது. அடி இலைகள் சுத்தமாக இருந்து, மேல் இலைகளில் மட்டும் திட்டு விழுந்தால் ஈ கொண்டுவந்தது. இளஞ்செடியிலேயே நோய் பிடித்தால் கிழங்கு நன்றாகப் பருக்காது. பிந்தி வந்தால் இழப்பு குறைவு.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், தேமலைத் தாங்கும் ரகங்களைத் தந்திருக்கிறது. பெரும்பாலும் வைரஸ் எட்டாத நுனிக்குருத்தை மட்டும் நறுக்கி, ஆய்வகத்தில் வளர்த்து, சுத்தமான செடி எடுக்கவும் முடியும்.

அந்தச் செடி கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு, மூன்று மாதப் பயிராக இருக்கும்போதே கொல்லையைச் சுற்றி வந்து, தேமல் இல்லாத செடிகளில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிடுங்கள். அவ்வப்போது மறுபடி பார்த்து, தேமல் தெரிந்ததில் துணியை அவிழ்த்துவிடுங்கள். கிழங்கு பிடுங்கும் நாளில் பெரும்பாலான இலை உதிர்ந்திருக்கும். எல்லாக் குச்சியும் ஒன்றுபோலத்தான் தெரியும். துணி இருக்கிற குச்சியில்தான் அடுத்த பட்டத்துக்குக் கரணை வெட்ட வேண்டும்.