கமக்காரர் ஒன்றுசேர்தல்: எங்கிருந்து தொடங்குவது?

இடம்பெயர்ந்த கமக்காரர் ஒருவர் தமது வயலைப் பற்றிக் கேட்கக் கந்தோருக்குப் போகிறார். உறுதி கையில் இல்லை. ஊரைவிட்டு ஓடியபோது தவறிவிட்டது. "அடுத்த கிழமை வாருங்கள்" என்கிறார்கள். பஸ் காசும் ஒருநாள் கூலியும் போனதுதான் மிச்சம். இரண்டு தடவை அலைந்தபின் அவர் போவதை விட்டுவிடுகிறார். அவர் அப்படிக் கேட்டதற்கு எந்தக் கோவையிலும் பதிவு இருக்காது.

இதே குறை அடுத்த வீட்டிலும் இருக்கிறது. தனியாகச் சொன்னால் அது ஒருவருடைய முறைப்பாடு. முப்பது குடும்பங்கள் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அது ஓர் ஊரின் பிரச்சினை.

கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்டத்தில் இடமுண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அவற்றைப் பதிவு செய்யலாம். உங்கள் ஊரில் முன்பு அமைப்பு இருந்ததா என்று கமநல சேவை நிலையத்தில் முதலில் விசாரியுங்கள். பதிவு தாமதமானாலும் ஒரு குழுவாகக் கூடி மனுக் கொடுக்கத் தடையில்லை.

ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரணைமடு ஓர் உதாரணம். 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து, பின்னர் வெறுங்கையோடு திரும்பியவர்கள் அந்தக் கமக்காரர்கள். குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்று அவர்களுடைய அமைப்புகள் கூட்டாக எடுத்துரைத்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் வழிக்குத் திட்டம் திரும்பியதற்கு அந்த எதிர்ப்பு முக்கிய காரணமாயிற்று. தாளையடியில் அதற்கான நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் எடுத்தன. ஆனாலும் அவர்கள் சொன்னது கணக்கில் எடுக்கப்பட்டது.

தொடங்கும் முறை இதுதான்.

முதலாவது, ஒரு குளத்தின்கீழ் அல்லது ஒரே வயல்வெளியில் கமஞ்செய்தவர்களைச் சேருங்கள். அவர்கள் இன்று பல இடங்களில் சிதறியிருந்தால், இடத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இரண்டாவது, ஒரு பட்டியல் எழுதுங்கள். பெயர், வயலின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைக்காரர், உறுதியா அனுமதிப்பத்திரமா குத்தகையா, ஊரைவிட்ட ஆண்டு ஆகியவை அதில் இருக்கட்டும். உறுதி தொலைந்தவருக்கு எல்லைக்காரரின் சாட்சியம் உதவும். கணவனை இழந்த பெண்களின் பெயரை வேறொருவர் பெயருக்குள் அடக்காமல் தனியாகவே எழுதுங்கள். குத்தகைக்குச் செய்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர்கள் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு தடவைக்கு ஒரு கோரிக்கை. காணி, கடன், வாய்க்கால், உரம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் எதற்கும் மறுமொழி வராது. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள்; ஒன்று அழிந்தாலும் மற்றது மிஞ்சும்.

நான்காவது, மறுமொழி இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். எழுத்தில் கேட்டால், தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

ஐந்தாவது, கந்தோருக்கு ஒருபோதும் தலைவர் மட்டும் போகக்கூடாது. இருவர் மூவராகப் போய், நடந்ததை அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லவேண்டும். சந்தாக் கணக்கையும் அங்கேயே வாசியுங்கள். சந்தேகம் புகுந்த சங்கம் நிலைக்காது.

சங்கம் அமைத்தவுடன் வயல் கைக்கு வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வராமலும் போகலாம். ஆனால் வயல் யாருடையது என்று ஒருநாள் கேட்கப்படும்போது, மறுமொழி எழுத்தில் இருக்கவேண்டும். இன்று மாலை ஒரு கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் உங்கள் குளத்தின் பெயரை எழுதுங்கள். பிறகு உங்கள் எல்லைக்காரரைத் தேடிப் போங்கள்.