வானிலிருந்து வந்த தமிழும் வலையில் வரும் தமிழும்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளின் சுவர்களிலும் கிள்ளான் வீடுகளின் கூரைகளிலும் அலைவாங்கித் தட்டுகள் இன்றும் வானை நோக்கி நிற்கின்றன. அவற்றின் கீழே, அவ்வீடுகளுக்குள், ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு தமிழ் ஓடிக்கொண்டிருக்கிறது. இம்மாற்றம் தமிழுக்கு ஆக்கமா, இழப்பா என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

1996ஆம் ஆண்டு ஜனவரியில் மீசாட் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ நிறுவனம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குமுன் மலேசியத் தமிழர்க்குத் தொலைக்காட்சித் தமிழ் என்பது அரசு ஒளிபரப்பில் கிடைத்த சில மணி நேரமே. எஞ்சிய பசியை ஒளிநாடாக் கடைகள் தீர்த்தன. வானவில் அலைவரிசையும் பின்னர் வந்த விண்மீனும் அந்நிலையை மாற்றின. தமிழ் நாள்முழுதும் கூடத்தில் ஒலிக்கும் மொழியாயிற்று.

செயற்கைக்கோள் ஒளிபரப்பின் பொருளியல் எளிது. குடும்பம் ஒரு தொகுப்புக்குச் சந்தா செலுத்துகிறது. அத்தொகுப்பில் சென்னைத் தொடரும் உள்நாட்டு நாடகமும் சேர்ந்தே வருகின்றன. எனவே சென்னைத் தொடருக்காகச் சந்தா கட்டியவரின் பணத்தில் ஒரு பங்கு, உள்ளூர் எழுத்தாளருக்கும் நடிகருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் சென்று சேர இடமிருந்தது.

இணையச் சேவை இப்பிணைப்பை அவிழ்க்கிறது. 2017இல் சன் நெக்ஸ்ட் செயலி தொடங்கியது. 2021இல் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் மலேசியாவுக்கு வந்தது. யூடியூபோ கட்டணமின்றியே கிடைக்கிறது. சென்னையில் எடுத்து முடித்த ஒரு தொடரைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மேலும் பத்தாயிரம் வீடுகளுக்கு அனுப்ப ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது. உள்நாட்டு நாடகமோ தன் முழுச் செலவையும் இச்சிறு சந்தையிலேயே ஈட்டியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடிக்கு மேல். மலேசிய இந்தியரோ ஏறத்தாழ 20 இலட்சம். ஆஸ்ட்ரோவும் 2021இல் சூக்கா என்னும் இணையச் சேவையைத் தொடங்கியது. ஆனால் தளத்தை மாற்றுவதால் மட்டும் இக்கணக்கு மாறிவிடாது.

தமிழ் எங்கிருந்து வந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். மொழியியல் நோக்கில் இதற்கு விடை உண்டு. மலேசியத் தமிழ் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் வளர்ந்த வழக்கு. காலை உணவு உண்பதை நாம் பசியாறுதல் என்கிறோம். ரப்பர் மரத்தைப் பால்மரம் என்கிறோம். நாட்டின் பேரரசரை மாமன்னர் என்கிறோம். இச்சொற்கள் உயிரோடிருக்க, அவற்றைப் பொதுமேடையில் பேசும் செய்தியாளரும் கதைமாந்தரும் வேண்டும். திரையில் சென்னை வழக்கை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, தன் பாட்டியின் பேச்சைத் தவறான தமிழ் என்று கருதத் தொடங்குகிறது. பின்னர் அந்தப் பேச்சையும் கைவிடுகிறது. அதற்கு ஈடாகச் சென்னைத் தமிழையும் பெறுவதில்லை. மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ நகர்கிறது.

இழப்பு சொற்களோடு நிற்பதில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியதை நாம் மறக்க இயலாது. எச்சாலை மூடப்பட்டது, எப்பள்ளி தங்குமிடமாயிற்று என்பதைச் சென்னையின் படத்தொகுப்பு சொல்லாது. தன் ஊரின் செய்தியைத் தன் மொழியில் பெறுவது முதியோருக்குப் பாதுகாப்பின் ஒரு பகுதி.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. அலைவரிசையைக் காத்தால் மொழி தானே காக்கப்படும் என எண்ணலாகாது. மொழி இழப்பை மீட்பது பற்றி 1991இல் விரிவாக எழுதிய ஜோஷ்வா ஃபிஷ்மன், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழி வீட்டில் கைமாறுவதையே அடித்தளமாகக் கொண்டார். அவ்வடித்தளம் இன்றி ஊடகம் மட்டும் மொழியைத் தாங்காது என்றார். செயற்கைக்கோள் காலத்தின் உண்மையான கொடையும் இங்கேதான் இருந்தது. ஒரே திரையின் முன் பாட்டியும் பேரனும் அமர்ந்தனர். புரியாத சொல்லைப் பேரன் கேட்டான், பாட்டி விளக்கினார். தனித்தனிக் கைப்பேசிகளில் அக்கேள்வி எழுவதேயில்லை.

அண்டை நாடான சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கு 2008இல் தனி அலைவரிசையான வசந்தம், பொது ஒளிபரப்பின் அங்கமாக இயங்குகிறது. அதன் நிகழ்ச்சிகள் இணையத்திலும் கிடைக்கின்றன. உள்நாட்டுத் தமிழ்ப் படைப்பைச் சந்தையின் கையில் மட்டும் விடாத ஏற்பாடு அது. மலேசியாவில் தமிழுக்கு அத்தகுதி இல்லை. ஆயினும் உள்நாட்டுப் படைப்புக்குப் பொதுநிதி கோருவதற்கு, 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்கு அரசு நிதியளிப்பதே வலுவான முன்மாதிரி.

ஆசிரியப் பெருமக்கள் அரசின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர் ஓர் உள்நாட்டு நாடகத்தை வீட்டுப் பெரியவரோடு அமர்ந்து பார்த்து, அதில் வரும் நம் வழக்குச் சொற்களைத் தொகுத்து வரட்டும். பார்ப்போர் இருந்தால்தான் படைப்போர் இருப்பர். பாட்டியிடம் சொல் கேட்கும் பேரன் இருந்தால்தான் அவ்விருவருக்கும் பொருள் உண்டு.